எலுமிச்சைத் தொட்டியில் ஒரு படை அதிகாரி

இத்தாலியில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா வீதிப் பக்கம் வேலைக்குப் போய்வந்த எங்கள் தமிழ் ஆட்களுக்கு அந்த வருடங்களின் காட்சி ஒன்று மறக்காது. நீதிபதிகள் குடியிருந்த கட்டிடங்களின் வாசலில் மண்மூட்டை அடுக்கி, துவக்கோடு ஆமிக்காரர் நிற்பார்கள். மாஃபியாக் கும்பல் நீதிபதிகளைக் குண்டுவைத்துக் கொன்ற பிறகு அரசாங்கம் அனுப்பிவைத்த இளம் பிள்ளைகள். சில முகங்களில் மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது. தெருப் பெண்கள் வீட்டிலிருந்து கோப்பி கொண்டுவந்து கொடுத்து, அவர்களின் கன்னத்தில் தட்டிவிட்டுப் போவார்கள்.

நான் என்ன செய்வேன் தெரியுமா? எட்டத்திலேயே நடையைக் குறைத்து, சட்டைப் பையிலிருந்து பெர்மெஸ்ஸோவை எடுத்து, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடப்பேன். பெர்மெஸ்ஸோ என்றால், இந்த நாட்டில் இருக்கலாம் என்று பொலிஸ் தலைமையகம் தருகிற தாள். ஒருநாள் ஒரு பெடியன் சிரித்துவிட்டான்.

"ஐயா, நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லையே. அதை உள்ளுக்கை வையுங்கோ, காத்து அடிச்சுக்கொண்டு போகப்போகுது."

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவன் கேக்காட்டில் என்ன? காட்டினால் குறைஞ்சோ போயிடுவியள்?" என்றாள்.

அந்தப் பெடியன் என்னோடு இத்தாலியனில்தான் பேசினான். இந்தக் கதையில் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான். ஆனால் ஒருவர் சொன்னது எனக்கு ஞாபகம் வரும்போது எங்கள் பேச்சில்தான் வருகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. மனிதர் வாயிலிருந்து விழுகிற பேச்சைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்ந்தவன்.

ஆமிக்காரனைக் கண்டால் தாளை எடுக்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தீவுப்பக்கத்து ஊரில் ஒரு காலை, சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சந்தியில் ஒரு ஆமிக்காரன் நின்றான். துவக்கை நீட்டி, வந்த வழியே போ என்று கையைக் காட்டினான். நான் திரும்பினேன். ஊருக்குள் அப்போது சுற்றிவளைப்பு நடந்துகொண்டிருந்தது. என் அண்ணன் உள்ளே இருந்தான். அன்று லொறியில் ஏற்றியவர்களில் ஒருவரும் இன்றுவரை திரும்பவில்லை. சந்தியில் நின்றவன் என்னைத் திருப்பியதால் நான் இருக்கிறேன். அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை, கை ஞாபகமிருக்கிறது. கோயிலில் கும்பிடும்போது அவனுக்கும் சேர்த்துத்தான் பல வருடம் கும்பிட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், லிபெர்த்தாவில் நான் பார்த்துக்கொண்ட கிழவர் ஒரு படை அதிகாரி. ஜெர்மன்காரர். எண்பதைத் தொட்டவர். பழைய போரில் கப்டனாக இருந்ததால் அந்தக் கட்டிடம் முழுக்க அவரைக் கப்பித்தானோ என்றுதான் கூப்பிடும். போர் முடிந்து, கொஞ்சக் காலம் கைதியாக இருந்து, பிறகு தோடம்பழம் பிழியும் இயந்திரம் விற்க சிசிலிக்குத் திரும்பிவந்தவர். வந்த இடத்தில் ஒரு பலெர்மோக்காரியைக் கல்யாணம் செய்து தங்கிவிட்டார். அந்த அம்மாவை நான் சிஞ்ஞோரா என்பேன். பிள்ளைகள் இல்லை. காலையில் போய் அவரை எழுப்பி, குளிப்பாட்டி, சவரம் செய்து, சாப்பாடு கொடுத்து, மாலையில் வீட்டுக்கு வருவது என் வேலை. எங்கள் வீடு போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால் ஒரு அறை.

கப்பித்தானோவுக்குச் சவர நேரம்தான் கதை நேரம். முகத்தில் நுரை பூசினால் போதும், வாய் திறந்துவிடும். பத்தொன்பது வயதில் குதிரை இழுக்கும் பீரங்கிப் படையில் சேர்ந்தது, போலந்தில் குதிரைகளுக்குக் குளிர் தாங்காமல் தன் போர்வையைக் கொடுத்தது, பிரான்சில் ஒரு பாலத்துக்காக ஒரு கிழமை காத்திருந்தது, ஆபிரிக்காப் பாலைவனத்தில் தின்ற பாணுக்குள் மணல் கடித்தது. பிறகு சிசிலி. மலைப்பாதையில் பீரங்கிகளைப் பின்னுக்கு இழுத்து இழுத்து, கடைசியில் மெசினா நீரிணையை இரவோடிரவாகத் தாண்டியது.

"என்ரை பீரங்கியிலை ஒண்டைக்கூட நான் விட்டிட்டு வரேல்லை. கடைசிப் படகிலை ஏறினது நான்," என்பார்.

நீரிணை தாண்டுவதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்பதால், அந்த இடம் வரும்போது கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். "பிறகு, கப்பித்தானோ?"

"பிறகு வடக்கை போனம்." அவ்வளவுதான். தாடையை மேலே தூக்கிக் கொடுப்பார். "கழுத்தைக் கவனமா எடும்."

கழுத்தோடு கதை முடியும். மறுநாள் திரும்பவும் குதிரைகளிலிருந்து தொடங்கும். வடக்கே போன பிறகு நடந்த ஒன்றையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சிஞ்ஞோராவிடம் ஒருமுறை கேட்டதற்கு, "எனக்கு முந்தினது எனக்குரியதில்லை, தம்பி," என்றா. எதைக் கேட்டாலும் அந்த ஒரு வசனத்தால் கதவைச் சாத்திவிடுவா.

அந்த வருடம் தொலைக்காட்சியில் ஒரே பேச்சு. எங்கோ தூர தேசத்தில் குடியிருந்த ஒரு கிழட்டு ஜெர்மன் அதிகாரியைக் கொண்டுவந்து ரோமில் வழக்கு வைத்திருந்தார்கள். போர்க்காலத்தில் பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற வழக்கு. அதைத் தொடர்ந்து பழைய கதைகள் எல்லாவற்றையும் கிளறத் தொடங்கிவிட்டார்கள். செய்தி தொடங்கும்போதே சிஞ்ஞோரா எழும்பிப்போய்ப் பெட்டியை அணைத்துவிடுவா. கப்பித்தானோ அணைந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை கீழே வாசலில் கட்டிடத்துக் காவல்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் எந்தக் கதையையும் ஒரே விதமாகத்தான் தொடங்குவார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, ஆனால் நேற்று இரண்டு கராபினியேரி வந்தவை. உடுப்பில்லாமல்."

கராபினியேரி என்றால் இந்த நாட்டின் படைப் பொலிஸ். உடுப்பில்லாமல் என்றால் சீருடையில்லாமல்.

"என்னைத் தேடியோ?"

"உன்னை ஆர் தேடுறது? கப்பித்தானோவை. சண்டைக்காலத்திலை அவர் எங்கையெங்கை இருந்தவர் எண்டு கேட்டினம். டொக்டரிட்டைப் போயிட்டார் எண்டன். வியாழக்கிழமை காலமை வருவினமாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் தொலைக்காட்சியிலை காட்டுறவனையும் முதல் இரண்டு பேர் வந்து விசாரிச்சுத்தானாம் கொண்டுபோனவை."

அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கொண்டுபோய்விடுவார்களோ? இந்த மனுசனை, நான் தூக்கி இருத்தாவிட்டால் கட்டிலிலிருந்து இறங்கத் தெரியாதவரை, எங்கே கொண்டுபோய் எப்படி வைத்திருப்பார்கள்? கொண்டுபோனால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. இது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தை எழுதக் கொஞ்சம் கூசுகிறது. இவரைத் தேடி வர என்ன காரணம்? நான் இத்தனை நாளும் எப்படிப்பட்ட ஆளின் வாயில் சோறூட்டுகிறேன்? இரண்டு பயமும் சேர்ந்து ஓடின. எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று சொல்லத் தெரியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த வீட்டிலை படம் கிடம் இருக்கோ? உடுப்போடை நிக்கிற படம்?"

இருந்தது. அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கற் பெட்டி. அதற்குள் சீருடைப் படங்கள், ஒரு சிலுவைப் பதக்கம், தோள்பட்டிகள்.

"பேந்தென்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? முதல் ஒளியுங்கோ, பேந்து யோசியுங்கோ."

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆமி வருகிறது என்றால் சுவரிலிருக்கிற படம் முதலில் இறங்கும். இயக்கத்தில் சேர்ந்து உடுப்புப் போட்ட பிள்ளையின் படம், கசெட், புத்தகம், எல்லாம் பொலித்தீன் பையில் போய், மெழுகுதிரிச் சுவாலையில் பையின் வாய் உருகி ஒட்டி, மண்ணுக்குள் போகும். மேலே ஒரு மரவள்ளித் தடி நட்டுவிடுவோம். ஒரு ஆமி போய் வேறு ஆமி வந்தால், முதலாவது ஆமிக்காரன் தந்த பாஸையும் மண்ணுக்குள் தாட்டுவோம். எதை வைத்திருந்தால் சூடு விழும் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. ஆகவே எல்லாவற்றையும் தாட்டோம்.

புதன்கிழமை சிஞ்ஞோரா பூசைக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். பிஸ்கற் பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் இரண்டு பையில் சுற்றினேன். குசினியில் மெழுகுதிரி கொளுத்தி, வாயை உருக்கி ஒட்டினேன். ஐந்தாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? பின் மாடத்தில் பெரிய மண்தொட்டியில் ஒரு எலுமிச்சை மரம் நின்றது. குழம்புக் கரண்டியால் ஒரு பக்கத்தைத் தோண்டி, பையை உள்ளே வைத்து மூடி, உதிர்ந்த இலைகளை மேலே பரப்பினேன். பழகின கை. வெறும் பெட்டியைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். கப்பித்தானோ சாய்கதிரையில் நித்திரை.

அன்றிரவு நானும் நிம்மதியாகத்தான் தூங்கினேன் என்றால் பாருங்கள்.

வியாழன் காலை சவரம் செய்யும்போது கப்பித்தானோ குதிரைக் கதையைத் தொடங்கவில்லை. காவல்காரர் சொன்னது அவர் காதுவரைக்கும் வந்திருந்தது.

"நல்லா எடும். வெட்டுக்காயத்தோடை அவைக்கு முன்னாலை இருக்கேலாது."

"அவை சும்மா ஏதாவது கேக்க வருவினம், கப்பித்தானோ."

"சும்மா கேக்கிறதுக்கு ஆரும் அஞ்சாம் மாடி ஏறுறேல்லை."

கழுத்துக்குக் கத்தி வந்தபோது, அவர் தொண்டை ஏறி இறங்குவது விரல் நுனியில் தெரிந்தது. மனிதர் பயந்திருந்தார். அதைக் கண்டு எனக்கும் பயம் கூடியது. மாடத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், சிஞ்ஞோரா எலுமிச்சைத் தொட்டிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றி முடித்து, இரண்டாவதற்குப் போய்க்கொண்டிருந்தா.

"சிஞ்ஞோரா, நேற்றுத்தானே ஊத்தினனீங்கள்!"

"கை சும்மா இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும் தம்பி. விடு, மரமாவது நல்லாயிருக்கட்டும்."

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் நரைமீசைக்காரர், வயிறு கொஞ்சம் முன்னுக்கு. அவரோடு நல்ல கோட்டுப் போட்ட ஒரு இளம் ஆள். நான் கதவைத் திறந்தேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. நரைமீசைக்காரர் நீட்டின பெர்மெஸ்ஸோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது வேண்டாம். கோப்பி கிடைச்சால் நல்லது. இந்தப் படியைக் கட்டினவனைக் கண்டால் அவனைத்தான் முதல் பிடிப்பன்."

கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தேன். கப்பித்தானோ என் கையைப் பிடித்துக்கொண்டார். அதனால் கதிரைக்குப் பின்னால் நின்றேன்.

நரைமீசைக்காரர் விசயத்துக்கு வந்தார். வடக்கே ஒரு மலைக்கிராமம். போரின் கடைசி வருடம். அங்கே சனத்தைச் சுட்டுக் கொன்றதை வடக்கிலுள்ள வழக்குத்தொடுநர் இப்போது திரும்ப விசாரிக்கிறார். அன்று கட்டளை போட்ட அதிகாரி ஜெர்மனியில் உயிரோடு இருக்கிறாராம், தான் அந்தப் படைப்பிரிவிலேயே இருக்கவில்லை என்கிறாராம். கப்பித்தானோ அதே படைப்பிரிவு. அந்த அதிகாரியைத் தெரியுமா?

மூலையில் இருந்த சிஞ்ஞோராவின் கையில் உருண்டுகொண்டிருந்த செபமாலை நின்றது. கப்பித்தானோவைத் தேடி வரவில்லையா? வேறு ஆளையா? எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வசனத்தில் போய்விட்டது.

"தெரியும்," என்றார் கப்பித்தானோ. "நானும் அவரும் ஒரே படத்திலை நிக்கிறம். ஒரு கோயில் படியிலை எடுத்தது. பின்பக்கத்திலை எல்லாற்றை பேரும் எழுதி வைச்சிருக்கிறன். அலுமாரியிலை ஒரு பிஸ்கற் பெட்டி, கொண்டுவாங்கோ."

சிஞ்ஞோராதான் போனா. நான் அசையவில்லை, அசைய முடியவில்லை. உள்ளேயிருந்து மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ மாதாவே, களவு போயிட்டுது!" என்று அலறிக்கொண்டு வெறும் பெட்டியோடு வந்தா.

இளம் ஆள் எழும்பி நின்றான். "இந்த அறைக்கை ஆரார் போய்வாறது?"

சிஞ்ஞோராவின் கண் என் பக்கம் வந்துவிட்டது. இளம் ஆளின் கண்ணும் வந்தது. நரைமீசைக்காரர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கப்பித்தானோ மட்டும் என்னைப் பார்க்கவில்லை. பிடித்திருந்த என் கையை இன்னும் இறுக்கினார்.

"களவு போகேல்லை," என்றேன். "நான்தான் தாட்டுப்போட்டன்."

"என்ன செய்தனீ?"

"தாட்டுப்போட்டன். தேசிமரத்தடியிலை, அந்த எலுமிச்சைத் தொட்டிக்கை."

"ஏன்?"

"நீங்கள் வாறியள் எண்டு."

இளம் ஆளின் முகம் மாறியது. "சாட்சியத்தை ஒளிச்சதோ? ஆர் சொல்லிச் செய்தனீ? இவரோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை மனுசி சொன்னவ." அவளையும் இழுத்துவிட்டேனே என்று அடுத்த கணமே பயம் பிடித்தது. "அவ சொல்லாட்டிலும் செய்திருப்பன். எங்கட ஊரிலை ஆமி வருகுதெண்டால் அப்பிடித்தான் செய்யிறது. உடுப்புப் போட்ட ஆரின்ரை படம் இருந்தாலும் தாட்டுவிடுறதுதான். நல்ல ஆளோ கெட்ட ஆளோ எண்டு பாக்க நேரமிராது."

நரைமீசைக்காரர் முழங்காலில் கையை ஊன்றி எழும்பினார். "சரி. தேசிமரத்தைக் காட்டு."

அதே குழம்புக் கரண்டி. நான் தோண்டினேன், இளம் ஆள் கோட்டைக் கழற்றிவிட்டுச் சேற்றை வழித்துப் போட்டான். சிஞ்ஞோரா ஊற்றிய தண்ணீரால் தொட்டி முழுக்கச் சகதி. படம் ஊறியிருந்தால்? முகம் கரைந்திருந்தால்? ஜெர்மனியில் இருக்கிற அந்தக் கிழவன் "நான் அங்கை இல்லை" என்று சொல்லிச் சொல்லியே கட்டிலில் சுகமாகச் சாவான், என் கைவேலையால். பை வெளியே வந்தது. சேற்றைத் துடைத்து, பல்லால் கடித்துக் கிழித்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

"முப்பது வருசமா இந்தத் தொழிலிலை இருக்கிறன்," என்றார் நரைமீசைக்காரர், பதக்கத்தைத் தூக்கிப் பார்த்தபடி. "தேசிமரத்திலை இது காய்ச்சு இண்டைக்குத்தான் பாக்கிறன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் அது தேவைப்பட்டது.

கப்பித்தானோ படத்தை மடியில் வைத்து, ஒரு முகத்தில் விரலை வைத்தார். "இவர்தான்." இளம் ஆள் எழுதிக்கொண்டான். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எழும்பப் போனவர்போல இருந்த நரைமீசைக்காரர் எழும்பவில்லை.

"நீங்கள் அண்டைக்கு எங்கை நிண்டியள், கப்பித்தானோ?"

"அவருக்குக் களைப்பு," என்றா சிஞ்ஞோரா.

"எனக்குக் களைப்பில்லை," என்றார் கப்பித்தானோ. சவர நேரத்துக் குரல் இல்லை அது. "பாதையிலை நிண்டனான். கிராமத்துக்கு ஏறுற பாதை. அதை மூடச் சொல்லிக் கட்டளை. மேலை என்ன நடக்கப்போகுதெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. பேந்து சத்தம் கேட்டுது."

அவரே தொடர்ந்தார்.

"கீழையிருந்து ஒருத்தன் சைக்கிளிலை வந்தான். திருப்பி அனுப்பினன். அவன் தப்பியிருப்பான். பேந்து மேலையிருந்து ஒரு மனுசி இறங்கி வந்தா. தோளிலை ஒரு பிள்ளை. கட்டளை எண்டால் ரண்டு பக்கத்துக்கும்தானே. மேலை போ எண்டு கையைக் காட்டினன். போனா." படத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். "அம்பது வருசமா அந்தச் சைக்கிள்காரனைத்தான் நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். ஒருத்தனைக் காப்பாத்தினன் எண்டு. அந்த மனுசியை நினைக்காமல் இருக்க நல்லாப் பழகிட்டன்."

என் கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை, இறுக்கவுமில்லை. என் கண்ணுக்கு முன்னால் எங்கள் சந்திதான் நின்றது. அந்தக் கை. அதுவரை நான் சந்தியை என் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருந்தேன். ஊருக்குள்ளிருந்து ஓடிவந்த யாருக்கும் அவன் அதே கையைக் காட்டியிருப்பானா? அண்ணன் அந்தப் பக்கம் ஓடிவந்தானா? அவனுக்கு ஓடத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவன்தான் முதலாவது.

"என்னைக் கொண்டுபோறியளோ?" கப்பித்தானோ கேட்டார்.

"இல்லை," என்றார் நரைமீசைக்காரர். "இந்தப் படத்தையும் கொண்டுவந்து, இப்ப சொன்னதை வடக்கை நீதிமன்றத்திலை சொல்லவேணும். கூப்பிடுவினம். பேந்து என்ன செய்யிறதெண்டு அவை பாப்பினம்." போகும்போது வாசலில் என்னிடம் திரும்பினார். "உங்கட ஊரிலை இப்பிடி ஆரும் வந்து கேக்கிறவையோ?"

"இல்லை, ஐயா. அங்கை கொண்டுபோகத்தான் வருவினம். கேக்க வாறேல்லை."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் நுரை பூசும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். கவனமா எடும் என்று சொல்லவில்லை. கத்தியை வைத்துக்கொண்டு அந்தக் கழுத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். என்னென்ன நினைத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. தண்ணீர் ஆறத் தொடங்கியது. பிறகு எடுத்தேன், வழக்கம்போல, கீழிருந்து மேலாக.

முகத்தைத் துடைத்ததும், "கோட்டு," என்றார். "கழுத்துப்பட்டி. கறுத்தச் சப்பாத்து."

"எங்கை போகப்போறியள், கப்பித்தானோ?"

"கூப்பிடுவினமெண்டு சொன்னவையெல்லே."

அன்று தொடங்கியது. ஒவ்வொரு காலையும் கோட்டைப் போட்டு, சப்பாத்துக் கயிற்றைக் கட்டி, முன்கூடத்தில் வாசல் மணிக்கு நேரே ஒரு கதிரையில் இருத்திவிடுவேன். படம் உள்பையில் இருக்கும். மணி அடித்தால் கதிரைக் கையைப் பிடித்து எழும்பப் பார்ப்பார். ரொட்டிக்காரன், தண்ணீர்ப் போத்தல்காரன், பங்குத் தந்தை, யாராவது. திரும்ப உட்காருவார். சிஞ்ஞோரா ஒவ்வொரு மணிக்கும் சிலுவை போடுவா, அவர்கள் வரக்கூடாது என்று. நானும் முதலில் அப்படித்தான் வேண்டினேன். பெர்மெஸ்ஸோ அந்த இடையில் புதுப்பித்துக் கிடைத்தது. அதற்குப் பிறகும் மணி அடித்தால் எனக்கு நெஞ்சு அடித்தது. ஆனால் அது வேறு அடி. ஒருநாள் மணிச்சத்தம் கேட்டு அவரைவிட முந்தி நான் வாசலுக்கு ஓடியிருந்தேன். காவல்காரர். "நான் ஒண்டும் சொல்லேல்லை, ஆனால் காஸ்காரன் வந்திருக்கிறான்."

திரும்பி வந்து பார்த்தால் எழும்பிய அவசரத்தில் கப்பித்தானோவின் சப்பாத்துக் கயிறு ஒன்று அவிழ்ந்திருந்தது. குந்திக் கட்டினேன்.

"வருவினமோ?" என்று கேட்டார்.

"வருவினம்," என்றேன். வாய்க்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். பயத்தில் மட்டும்தான் அதுவரை சொல்லியிருந்தது.

சவர நேரத்தில் இப்போது கதை நீரிணையைத் தாண்டிப் போகும். வடக்கு மலையைப் பற்றிச் சொல்வார். அந்த மனுசியின் தலையில் எந்த நிறத் துண்டு கட்டியிருந்தது என்று ஒருநாள் ஞாபகம் வரும், மறுநாள் அது வேறு நிறமாக வரும். நான் திருத்துவதில்லை, கேட்டுக்கொண்டிருப்பேன். யாரிடமாவது சொல்லிப் பழகட்டும்.

மாலையில் வீட்டுக்குள் காலை வைத்தால் மனைவியின் முதல் கேள்வி ஒன்றுதான். தொடக்கத்தில் அவள் அதைக் கேட்டபோது முகம் வெளிறிப்போயிருக்கும். மாரி போய் வெயில் வந்த ஒருநாள், மீன் பொரித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"இண்டைக்கும் வரேல்லையோ?"

"வரேல்லை."

"கூப்பிடுறம் எண்டு சொல்லிப்போட்டு என்ன சனம் உதுகள்! அந்த மனுசன் எவ்வளவு நாளைக்குத்தான் காத்திருக்கும்?" எண்ணெய்க்குள் மீனைத் திருப்பிப் போட்டாள். என் அண்ணனை அவளுக்கும் தெரியும். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டவன் அவன்தான். "நாளைக்கும் சப்பாத்தைப் போட்டு விடுங்கோ," என்றாள்.